குருத்து அழுகினால் தென்னை போய்விடுமா?
மழை நாளில் மரத்தைக் காக்கும் வழி

தேங்காய் எண்ணெயின் விலையைக் கொச்சி மார்க்கெட்டை வைத்துத்தான் பேசுவார்கள். அந்தக் கொச்சியின் மட்டாஞ்சேரியில், நெருக்கமான வீடுகளுக்கு நடுவே கிணற்றடியிலும் மதிலோரத்திலும் ஒன்றிரண்டு தென்னை நிற்கும். மண்டியில் மூட்டை தூக்குபவர் வீட்டிலும், கம்பெனியில் கணக்கு எழுதுபவர் வீட்டிலும் மாதச் செலவில் தேங்காய்க்கென்று ஒரு தொகை ஒதுக்காமல் காப்பது அந்த மரம்தான்.

ஜூனில் மழை தொடங்கியபின் சில மரங்களின் உச்சி வெளுக்கும். "மரம் போய்விட்டது" என்று உடனே வெட்டிவிடுபவர்கள் உண்டு. தீராத நோய்க்குக் கண்ட மருந்தையும் வாங்கி ஊற்றிப் பணத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம். எந்த நோய் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

இரண்டு நோய்கள்

முதலாவது குருத்தழுகல். மலையாளத்தில் 'கூம்பு சீயல்' என்பார்கள். நடுக்குருத்து முதலில் வெளுத்து, பிறகு பழுப்பாகி ஒடிந்து தொங்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் கூழாகி நாற்றம் அடிக்கும். சுற்றியுள்ள மட்டைகள் அப்போதும் பச்சையாகவே இருப்பதால் கீழிருந்து பார்ப்பவருக்கு ஆபத்து தெரியாது.

இரண்டாவது வேர் வாடல் நோய். இங்கே 'காற்று வீழ்ச்ச' என்று பெயர். இதில் குருத்து மட்டுமல்ல, மட்டைகளெல்லாம் தளரும். ஓலைகள் விலா எலும்பு போல உள்நோக்கி வளையும். மஞ்சளாகி ஓரம் கருகும். காய்ப்பு ஆண்டுக்காண்டு குறையும்.

குருத்தழுகல் விரைவில் கொல்லும். ஆனால் ஆரம்பத்தில் கண்டால் மரத்தைக் காப்பாற்றலாம். வேர் வாடலுக்கு மருந்து இல்லை. ஆனால் அது மரத்தை உடனே கொல்வதில்லை.

ஏன் அவசரம்?

மாமரத்தில் ஒரு கிளை கெட்டால் அதை வெட்டிவிட்டு மற்ற கிளைகளைக் காக்கலாம். தென்னைக்குக் கிளை இல்லை. உச்சியில் உள்ள ஒரே மொட்டுதான் அதன் உயிர். 'பைட்டோப்தோரா' என்னும் கிருமி அந்த மொட்டைத் தின்றுவிட்டால் மரம் மறுபடி துளிர்க்காது. காற்றில் ஈரமும் குளிர்ச்சியும் மிகுந்த மழை மாதங்களே இக்கிருமிக்கு ஏற்ற காலம். இளம் மரங்கள் எளிதில் பாதிக்கப்படும்.

1900களின் தொடக்கத்தில் கோதாவரி டெல்டாவில் இந்நோய் பனைகளையும் தென்னைகளையும் அழித்தது. நோய் கண்ட மரங்களின் தலைகளை மரமேறிகளைக் கொண்டு வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. அதை ஆராய்ந்த தாவர நோய் நிபுணர் இ. ஜே. பட்லரே, 1908ல் திருவிதாங்கூரின் தென்னை நோய் பற்றியும் அறிக்கை தந்தார்.

செய்ய வேண்டியது

குருத்து வெளுத்ததும் அனுபவமுள்ள மரமேறியை அழைக்க வேண்டும். மழையில் வழுக்கும் மரத்தில் பழக்கமில்லாதவர் ஏறக்கூடாது. அழுகிய பாகம் முழுவதையும், நல்ல வெள்ளைப் பகுதி தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கீழே போட்டு வைக்காமல் எரித்துவிட வேண்டும்.

வெட்டிய இடத்தில் போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துக் கலந்தால் பசை தயார். இங்குள்ள கடைகளில் மயில்துத்தத்தைத் 'துரிசு' என்றும், நீற்றிய சுண்ணாம்பைக் 'கும்மாயம்' என்றும் கேட்க வேண்டும். பூசிய இடத்தில் மழைநீர் இறங்காதபடி மண்சட்டியையோ பிளாஸ்டிக் தாளையோ கவிழ்த்துக் கட்ட வேண்டும். புதுக்குருத்து வரும்வரை மூடி இருக்கட்டும்.

பக்கத்து மரங்களுக்கு ஒரு சத போர்டோ கலவை தெளிக்க வேண்டும். 100 கிராம் துத்தம் 5 லிட்டர் நீரில், 100 கிராம் சுண்ணாம்பு 5 லிட்டர் நீரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கிளறியபடி ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது. தேய்த்த கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்க்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். துத்தம் விஷம்; குழந்தைகள் கையில் படாமலும் கிணற்றில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மட்டைகளில் விசிறி போல வெட்டு விழுந்திருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. இங்கே 'கொம்பன் செல்லி' என்பார்கள். அது துளைத்த குருத்தில் அழுகல் எளிதில் பற்றும். வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சம அளவு மணலுடன் கலந்து உச்சி மட்டைகளின் இடுக்கில் இட்டால் வண்டு அண்டாது.

வேர் வாடல் வந்தால்

1882ம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப்பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்ட நோய் இது. தென் கேரளம் முழுதும் பரவி, இன்று தேனி, பொள்ளாச்சித் தோப்புகளையும் தொல்லைப்படுத்துகிறது. 'பைட்டோபிளாஸ்மா' எனும் நுண்ணுயிரைச் சாறு உறிஞ்சும் பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன.

தொழு உரம், பசுந்தழை, ஆண்டுக்கு 500 கிராம் மக்னீசியம் சல்பேட், நீர் தேங்காத வடிகால் ஆகியவை இருந்தால் இம்மரங்கள் பல ஆண்டு காய்க்கும். ஆண்டுக்கு பத்துக் காய் கூடத் தராத மரத்தை அகற்றுவதே மேல். அந்த இடத்தில் காயங்குளம் ஆராய்ச்சி நிலையம் தந்த கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா போன்ற ரகங்களை நடலாம்.

எங்கே கேட்பது?

1981ல் அமைந்த தென்னை வளர்ச்சி வாரியத்தின் தலைமையகம் எர்ணாகுளத்திலேயே உள்ளது. 2011 முதல் மரமேறவும் நோய் பார்க்கவும் இளைஞர்களுக்கு அது பயிற்சி அளித்து வந்துள்ளது. உள்ளூர் கிருஷி பவனிலும் ஆலோசனை கேட்கலாம். மலையாளம் எழுதத் தெரியாவிட்டாலும் பழுதில்லை, வெளுத்த குருத்தின் ஒரு துண்டைக் காட்டினால் போதும்.

வாடகை வீட்டு மரமானால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். மொட்டு செத்த மரத்தின் தலை ஒருநாள் கீழே விழும். நெருங்கிய வீடுகளின் நடுவே அது விழுவது யார் கூரை மேலும் இருக்கலாம். மே மாதம் முடிவதற்குள் மரமேறியை ஒருமுறை ஏற்றி, உச்சியைச் சுத்தம் செய்து போர்டோ கலவை தெளித்துவிட்டால் மழை மாதங்களில் கவலை குறையும்.