புறவாசலில் ஒரு பசும்புல் தரை



கோல்ப் என்னும் ஆட்டத்தை உங்களுள் பலர் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் மட்டுமே கண்டிருப்பீர்கள். ஆயினும் அது நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு கழகம் தோன்றிற்று. உதகையிலும் கோடைக்கானலிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆடுகளங்கள் அமைந்துவிட்டன. நம் நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரையில் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசைச் சேர்ந்திருந்தது. அத்தலைநகரில் கவடியார் அரண்மனைக்கு அருகே ஓர் ஆடுகளம் இன்றும் உண்டு.

இவ்வாட்டத்தில் பந்தை நெடுந்தொலைவு அடிப்பது ஒரு பாதி. மற்றொரு பாதி, குழியை நெருங்கியபின் பந்தைத் தரையோடு தரையாக மெல்ல உருட்டி அதனுள் விழச் செய்வது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. அந்தக் குழியைச் சூழ்ந்த புல்தரைக்குக் 'கிரீன்' என்று பெயர். கம்பளம்போல் நெருங்கி, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் உயரமே விட்டு வெட்டப்பட்ட புல் அது.

இதைத்தான் வீட்டுப் புறவாசலில் அமைக்க வேண்டுமென்று நாகர்கோவிலின் புறநகரில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் விரும்பினார். வெளிநாட்டில் பொறியாளராக இருந்து திரும்பியவர். "சார், ஒரு சென்ட் இடம் போதும், புல்லை வாங்கிப் பதித்துவிடலாம்" என்றார். நான் புல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "மக்களே, இந்தத் தரையில் விழும் மழைத் தண்ணீர் எங்கே போகும்?" என்றுதான் கேட்டேன்.

ஏனெனில் அவர் வீடு நின்ற இடம் முன்பு நெல்வயல். தலைமுறை தலைமுறையாக உழுது, தொளி கலக்கி, நீர் கீழிறங்காதவாறு நாமே மண்ணின் துளைகளை அடைத்து வைத்த நிலம். நெல்லுக்கு அது நன்மை. தேங்கிய நீரில் நெல் நிற்கும். கிரீனுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. வேருக்குக் காற்று வேண்டும். மழை விட்ட சிறிது நேரத்தில் தரை காலைத் தாங்க வேண்டும். வயலின் மீது லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கினாலும், அடியில் கிடக்கும் களிமண் தன் குணத்தை விடுவதில்லை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நம் மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே வழி இது. முக்கால் முழ ஆழத்திற்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், மண்ணை அகற்ற வேண்டும். அடித்தளத்திற்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு கொடுத்து, துளையிட்ட குழாயைப் பதிக்க வேண்டும். அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல். அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல். அமெரிக்காவின் கோல்ப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறையின் சாரம் இதுவே.

இங்கே ஒரு விந்தை உண்டு. மணலின் கீழே பெருங்கல் இருந்தால் நீர் உடனே வடிந்துவிடும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழ்வதில்லை. நனைந்த பஞ்சைக் கூழாங்கற்களின் மேல் வைத்துப் பாருங்கள். பஞ்சு முழுதும் நிரம்பும்வரை ஒரு துளியும் சொட்டாது. நுண்ணிய துளைகள் நீரைப் பற்றிக்கொள்ளும் வலிமை மிக்கவை. கல்லிடையே உள்ள பெரிய இடைவெளிக்கு அந்த ஈர்ப்பு இல்லை. மணலும் அவ்வாறே நீரைத் தன்னுள் நிறுத்தி வேருக்கு ஊட்டுகிறது. மிகுந்தபோது மட்டும் கீழே விடுகிறது. வெயில் நாளில் கஞ்சம், மழை நாளில் தாராளம்! வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளையில் இதைச் செய்து பார்த்தவனுக்கு நுண்புழை ஈர்ப்பைப் பற்றிய பாடத்தை நான் மீண்டும் நடத்த வேண்டியதில்லை.

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 30 சென்டிமீட்டர் கனத்திற்கு 12 கனமீட்டர் மணல். அதாவது நாலேகால் யூனிட். ஆறுகள் பட்டுள்ள பாட்டில் ஆற்று மணலை இதற்குக் கேட்பது முறையன்று என்பது என் கருத்து. கடல் மணலோ உப்பு. கல்லை உடைத்துச் செய்யும் மணலைத் தூசு போகக் கழுவி, மட்கிய தென்னை நார்த்தூளைச் சிறிது கலந்து கொள்ளலாம்.

இனிப் புல். உலகின் வெப்ப நாடுகளில் கிரீன்களை மூடியிருப்பது நம் அறுகின் இனமே. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகு! அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிப்டன் என்னும் ஊரில் கிளென் பர்டன் என்ற அறிஞர், 36 குரோமோசோம்கள் கொண்ட அறுகையும் 18 கொண்ட ஓர் ஆப்பிரிக்கப் புல்லையும் கலந்து, 27 கொண்ட கலப்பினங்களை உண்டாக்கினார். 1956-இல் டிப்கிரீன் வெளிவந்தது. 1965-இல் அதினும் குட்டையான டிப்டுவார்ப் வந்தது. 27 ஒற்றைப்படை எண் அன்றோ? இணை சேர்ந்து சரிபாதியாகப் பிரிய இயலாது. எனவே இப்புல் முளைக்கும் விதை தருவதில்லை. தண்டைக் கிள்ளித்தான் நட வேண்டும். முழு வெயிலும் வேண்டும். பலாவின் நிழலில் இது மெலிந்து போகும். அதற்காகப் பலாவை வெட்டத் துணிபவரோடு எனக்குப் பேச்சில்லை.

வெட்டுவதற்கு உருளைக் கத்திப் பொறி தேவை. நெய்த துணியின் பிசிறைக் கத்தரிக்கும் ஆலைப் பொறியைக் கண்டு, 1830-இல் எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் புல்லுக்காக ஆக்கியது அது. ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்கலாகாது. ஆதலால் நான்கு மில்லிமீட்டர் வேண்டுவோர் நாள்தோறும் வெட்ட நேரும். வீட்டிற்கு எட்டு மில்லிமீட்டர் போதும். பந்து சற்று மெல்ல உருளும், அவ்வளவே.

மாணவர் பெரிதும் தயங்கியது தண்ணீர்க் கணக்கைக் கண்டபோதுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயர நீர் என்றால் ஒரு லிட்டர். கடுங்கோடையில் புல் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் இழக்குமெனக் கொண்டால், 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டத்திற்குக் கொள்ளும் அளவு. வயல் இதனினும் மிகுதியாகக் குடிக்கும். ஆனால் அது நெல் தருகிறது. பக்கத்து வீட்டுக் கிணறும் அவர் கிணறும் ஒரே ஊற்றைப் பகிர்பவை. பிளாஸ்டிக் புல்லை விரிக்கலாமே என்றார். அது நீர் கேளாது. ஆனால் நண்பகலில் வெறுங்கால் வைக்க ஒண்ணாது, நாளடைவில் உதிர்ந்து மண்ணிலும் கலக்கும்.

முடிவில் இடத்தைக் கால் சென்டாகக் குறைத்துக்கொண்டார். 10 சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 50 லிட்டர்; குளித்த நீரையும் பாத்திரம் அலசிய நீரையும் வடிகட்டி விட்டால் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வடிகுழாயின் வாயைத் தெருவிற்கோ அடுத்தவர் மதிலுக்கோ திருப்பாமல், தம் மனைக்குள்ளேயே களிமண்ணைத் தாண்டித் தோண்டிய உறைகுழிக்குத் திருப்பினார். தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் தண்டுகளை நட்டார். இரண்டு மாதத்தில் தரை மூடியது. குழி வெட்டுவதற்கு முன் வேர் பிடித்ததா என்று அறிய, ஒரு கைப்பிடிப் புல்லைப் பற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் பெயர்ந்து வருமானால் இன்னும் இரு வாரம் பொறுத்திருத்தல் நலம்.