பழைய பெட்டிக்குப் புதிய பாடம்

இலகுவான லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தாய்மொழியில் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது.

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பரிச்சயமான பெயர் சாந்த்ராகாச்சி. ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் ஏரியில் குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும். அதற்குள் ஆகாயத்தாமரையை அகற்றியாக வேண்டும். அப்படியே விட்டால் தண்ணீர் மூடிப்போகும். ஒட்டுமொத்தமாக அள்ளினால் பறவைகளுக்கு உட்கார இடமிருக்காது. அதனால் சில திட்டுகளை விட்டுவிட்டு மற்றதை அள்ளுகிறார்கள். அடுத்த வருடம் மறுபடி அதே வேலை.

கம்ப்யூட்டர் உலகிலும் இந்த ரகத்தில் ஒரு வேலை உண்டு. பழைய கம்ப்யூட்டர்களில் ஓடும் இலகுவான லினக்ஸ் தொகுப்புகளுக்குப் பயனர் கையேடு எழுதுவது. சம்பளம் கிடையாது. முடிவும் கிடையாது.

இப்போது அதன் தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். பல பழைய பெட்டிகளில் இவை இல்லை. பழுதில்லாத கம்ப்யூட்டர்கள் பரணுக்குப் போகின்றன.

அவற்றுக்கு மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியரான பாரி காலர் 2003-ல் வெளியிட்ட பப்பி லினக்ஸ் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். பென் டிரைவிலிருந்தே ஓடும். தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ 2006-ல் தொடங்கிய எல்எக்ஸ்டிஇ என்ற எளிய முகப்பு, பிறகு லுபுண்டுவுக்கு அடித்தளமானது. எதற்கும் காசு கிடையாது.

ஆனால் முதல் நாள் மாலையிலேயே சிக்கல் தொடங்கிவிடும். பென் டிரைவில் தொகுப்பை எழுதுவது எப்படி? கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை விட்டு பென் டிரைவிலிருந்து கிளம்ப எந்த விசையை அழுத்த வேண்டும்? நிறுவும்போது வட்டைப் பிரிக்கச் சொல்கிறதே, எந்தப் பிரிவைத் தொடலாம்? கையேட்டில் இந்த இடத்தில் ஒரு வரி தவறினால் குடும்பத்தின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அழிந்துபோகலாம். 'முதலில் பிரதி எடுத்து வையுங்கள்' என்ற எச்சரிக்கை கடைசிப் பக்கத்தில் இருந்து பயனில்லை.

லினக்ஸ் பிறந்த அடுத்த வருடமே, 1992-ல், மாட் வெல்ஷ் முதலானோர் அதற்கான ஆவணத் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில். தமிழில் அந்தக் குறையைத் தீர்க்க 2012 ஜனவரியில் வந்தது 'கணியம்' மின்னிதழ். து. நித்யா எளிய தமிழில் எழுதிய லினக்ஸ் நூலை யாரும் படிக்கலாம், பிரதி எடுத்துப் பகிரலாம். வங்காளியில் கொல்கத்தாவிலும் டாக்காவிலும் இருந்த தன்னார்வலர்கள் 'அங்குர்' என்ற பெயரில் சேர்ந்து லினக்ஸுக்குத் தாய்மொழி தந்தார்கள்.

கூட்டு வேலையில் முதல் சண்டை சொல்லில்தான். தமிழில் 'ஃபோல்டர்' ஒருவருக்குக் கோப்புறை, இன்னொருவருக்கு அடைவு. இரண்டும் ஒரே கையேட்டில் இருந்தால் படிப்பவர் இரண்டு பொருள் என்று நினைத்துக்கொள்வார். வங்காளியில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு இந்தியாவுக்கு ஒன்று, பங்களாதேஷுக்கு ஒன்று என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. அவை ஒன்றாக 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது எதிரி காலம். லுபுண்டு 2018 அக்டோபரில் எல்எக்ஸ்டிஇயை விட்டு எல்எக்ஸ்க்யூடிக்கு மாறியது. மெனுக்கள் மாறின, பழைய படங்களும் விளக்கங்களும் பொருந்தாமல் போயின. அடுத்த வருடத்துப் பதிப்பிலிருந்து 32 பிட் கம்ப்யூட்டர்களுக்கான வடிவமும் நின்றது. 2025-ல் வந்த டெபியன் 13ம் அவற்றில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. இதைத் திருத்தாத கையேடு, ஓடாத தொகுப்பை இறக்கச் சொல்லி வாசகரின் ஓர் இரவை வீணடிக்கும். எதற்காக எழுதப்பட்டதோ அந்தப் பழைய பெட்டிக்காரர்தான் அதில் ஏமாறுவார்.

எனவே நல்ல குழுக்கள் ஒரு முறையைக் கடைப்பிடிக்கின்றன. ஒருவர் எழுதுவார். இன்னொருவர் அதை வரிக்கு வரி உண்மையான கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பார். எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று மேலேயே குறிப்பார்கள். இவர்களில் மதிப்பு மிக்கவர் விஷயம் தெரிந்தவர் அல்ல; லினக்ஸையே பார்த்திராதவர். அவர் தடுக்கி விழும் இடத்தில்தான் ஒரு வரி விடுபட்டிருக்கும்.

புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. திருத்தும் கைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. சாந்த்ராகாச்சி ஏரியிலும் அதே கதைதான்: போன வருடம் அள்ளிய ஆகாயத்தாமரை இந்த வருடக் கணக்கில் வராது.