வண்டிக்கு ஜி.பி.எஸ்.: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

நம் உறுப்பினர்களில் பலர் இன்று கடைக்கென்று ஒரு வேனோ லோடு ஆட்டோவோ வைத்திருக்கிறார்கள். கொள்முதலுக்காகச் சொந்தக் காரில் வெளியூர் சென்று வருவோரும் உண்டு. இவர்களைத் தேடிவந்து, "வண்டிக்கு ஜி.பி.எஸ். போட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்கிறார்கள் விற்பனையாளர்கள். ஒருவர் சொல்லும் விலைக்கும் அடுத்தவர் சொல்லும் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் நாம், இந்தக் கருவியையும் விவரம் தெரிந்து வாங்குவதே முறை.

இரண்டு கேள்விகள்

"நான் எப்படிப் போவது?" என்பது வண்டி ஓட்டுபவரின் கேள்வி. "என் வண்டி எங்கே நிற்கிறது?" என்பது கடையில் அமர்ந்திருப்பவரின் கேள்வி. முதல் கேள்விக்கு விடை தருவது திரையும் குரலும் உள்ள வழிகாட்டி. இரண்டாவதற்கு விடை தருவது டிராக்கர் எனப்படும் சிறு பெட்டி. இது வண்டிக்குள் மறைவாக இருந்து, வண்டி நிற்கும் இடத்தை முதலாளியின் செல்போனுக்கு அனுப்பும். கடைத்தெருவில் இரண்டுக்குமே ஜி.பி.எஸ். என்றுதான் பெயர். வழி தெரியாமல் தவிப்பவர் டிராக்கரை வாங்கினால் பணம்தான் நஷ்டம். ஆகவே, நமது கேள்வி எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வானிலிருந்து வருவது என்ன?

ஜி.பி.எஸ். அமெரிக்க அரசுக்குச் சொந்தமானது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்றிவரும் வகையில் அமைக்கப்பட்டு, 1995இல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. அந்தச் செய்தி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு நம் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. இந்த அலை ஒளியின் வேகத்தில் வருவதால், நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். கருவியின் கடிகாரத்தையும் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை தேவை.

பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்கா நீக்கியது. அதன் பிறகு தெருத் தெருவாக வழி சொல்வது எளிதாயிற்று. நமது இஸ்ரோவும் 2013 முதல் 2016 வரை ஏழு செயற்கைக்கோள்களை ஏவி, நாவிக் என்ற அமைப்பை உருவாக்கியது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. இன்றைய கருவிகள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் அலைகளைக் கேட்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்ப்பதில்லை. வானொலிப் பெட்டியைப் போல நம் கருவி கேட்க மட்டுமே செய்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. டிராக்கருக்கு ஆண்டுதோறும் வாங்கும் தொகை, அதிலுள்ள சிம் கார்டுக்கும் அவர்களின் மென்பொருளுக்கும்தான். இரண்டாவது, வண்டி நிற்கும் இடம் செல்போன் கோபுரம் இல்லாத ஊரிலும் கருவிக்குத் தெரியும். ஆனால் அதை நமக்கு அனுப்பக் கோபுரம் வேண்டும். மூன்றாவது, இடம் வேறு, படம் வேறு. நாம் நிற்கும் இடத்தைக் கருவி சில மீட்டர் பிசகில் சொல்லிவிடும். அங்கிருந்து போகும் பாதை சரியா என்பது படம் வரைந்தவரைப் பொறுத்தது.

இந்த மூன்றாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், வழிகாட்டி காட்டிய பாதையில் சென்ற ஒரு கார் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நல்லவேளையாக ஆபத்து இல்லை. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் மேல் சென்ற கார் ஆற்றுக்குள் விழுந்து மூவர் இறந்தனர். அவர்கள் செல்போன் காட்டிய வழியில் சென்றதாகவே செய்திகள் கூறின. கருவி யோசனை சொல்லும் கணக்குப்பிள்ளை. கையெழுத்துப் போடுபவர் ஓட்டுநர்தான்.

வழிகாட்ட எது ஏற்றது?

நம்மில் பெரும்பாலோருக்கு, கையில் இருக்கும் செல்போனே போதுமானது. கூகுள் மேப்ஸ் தமிழிலேயே வழி சொல்கிறது. நம் நாட்டு நிறுவனத்தின் மேப்பில்ஸ் என்ற செயலியும் இருக்கிறது. செல்ல வேண்டிய பகுதியின் படத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், மலைப்பாதையில் நெட் கிடைக்காத போதும் வழி கிடைக்கும்.

வாரத்தில் பல நாள் வெளியூர் செல்பவர்கள், டேஷ்போர்டில் பொருத்தும் தொடுதிரை ஸ்டீரியோவைப் பற்றி யோசிக்கலாம். புதிய கார்கள் பலவற்றில் திரை ஏற்கெனவே இருக்கும்; செல்போனை அதனுடன் இணைத்தால் படம் அதிலேயே தெரியும். அப்படி இருப்பவர்கள் தனியாக ஒன்று வாங்கத் தேவையில்லை.

சரக்கு வண்டிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செல்போன் படங்கள் காருக்கும் இருசக்கர வாகனத்துக்கும் ஏற்ற பாதையைத்தான் சொல்கின்றன. மூட்டைகளுடன் செல்லும் வண்டிக்கு ரயில்வே கீழ்ப்பாலத்தின் உயரம் போதுமா, கடைத்தெருவுக்குள் லாரி நுழைய எந்த நேரத்தில் தடை என்பதெல்லாம் அதற்குத் தெரியும் என்று நம்பக் கூடாது. புதிய ஊராக இருந்தால், சரக்கு வாங்கும் கடைக்காரரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது இத்தகைய கருவிகளை வழி அறிவதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத முறையில் பயன்படுத்தலாம் என்கிறது. ஆகவே உறுதியான ஒரு ஸ்டாண்டு வாங்கி, சாலையை மறைக்காத இடத்தில் பொருத்த வேண்டும். ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது. கண்ணாடிக்கு நேர் கீழே வெயிலில் வைத்தால், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு போன் சூடாகி நின்றுவிடும், ஏ.சி. காற்று படும் இடம் மேல். போக வேண்டிய இடத்தை வண்டி புறப்படும் முன்பே பதிந்து, பிறகு குரலைக் கேட்டு ஓட்ட வேண்டும்.

ஸ்டீரியோ பொருத்தினால், அதனுடன் வரும் சிறிய ஆன்டெனாவை முன்கண்ணாடியை ஒட்டி, வானம் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் பாதகமில்லை. இரும்புத் தகடு இருந்தால் அலை வராது. வயர்களை வெட்டி ஒட்டாமல், அந்த வண்டிக்கென்றே உள்ள கப்ளர் மூலம் இணைப்பதே பாதுகாப்பு. வாரண்டி உள்ள வண்டியாக இருந்தால், கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும். ஃபியூஸ் அவசியம். சிறு வண்டிகளில் 12 வோல்ட், பெரிய லாரிகளில் 24 வோல்ட் என்பதைக் கருவி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சாவியை எடுத்ததும் திரை அணைகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அணையாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

டிராக்கர் வாங்குவோருக்கு

பஸ், டாக்சி போன்ற பயணிகள் வாகனங்கள் 1.1.2019 முதல் பதிவானவையாக இருந்தால், ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் டிராக்கர் வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. சொந்த உபயோகக் காருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சரக்கு வண்டி வைத்திருப்போர் தங்கள் பெர்மிட்டுக்குத் தேவையா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

விற்பனையாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? சிம் 2ஜி-யா, 4ஜி-யா? வயரைத் துண்டித்தால் உள் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? பதிலை ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதி வாங்குவது உத்தமம். செல்போனிலிருந்தே இன்ஜினை நிறுத்தும் வசதி உண்டு என்று சிலர் ஆசை காட்டுவார்கள். ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கடினமாகிவிடும்; விபத்துக்கு அது போதும். நின்றிருக்கும் வண்டி மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு மட்டுமே ஏற்கத்தக்கது.

இன்னொன்று: டிராக்கர் பொருத்துவதை ஓட்டுநரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். திருட்டு, விபத்து, தாமதம் என்று வரும்போது அது அவருக்கும் சாட்சி. மறைத்து வைத்து, பிறகு அவர் கண்டுபிடித்தால், பல வருட நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

கருவியை விடப் பெரிய முதலீடு

நம் மொத்த வியாபாரிகள் பலரிடம் சுற்றுவட்டாரக் கடைகளின் வழி முழுவதும் ஒரே ஒரு பழைய ஓட்டுநரின் மனதில்தான் இருக்கிறது. அவர் ஒரு வாரம் லீவு போட்டால் லைன் வண்டி தடுமாறுகிறது. வேலையை விட்டுப் போனால் வாடிக்கையும் கொஞ்சம் போகிறது. இதற்கு மருந்து செலவில்லாதது. அடுத்த முறை லைன் போகும்போது ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை நிறுத்தி, அந்த இடத்தைக் கடையின் பெயரோடு செல்போனில் சேமித்துக்கொள்ளுங்கள். இறக்கும் வாசல் பின்பக்கமா, எந்த நேரத்தில் கடை திறக்கும் என்பதையும் குறித்து வையுங்கள். இந்தப் பட்டியல் ஓட்டுநரின் போனில் மட்டும் இராமல் கடையின் கணக்கிலும் இருக்க வேண்டும். பேரேட்டுக்குச் சமமான சொத்து அது.

ஒரு மாதம் இவ்வாறு இருக்கும் செல்போனைக் கொண்டே நடத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் தீராத குறை எது என்று தெரிந்தால், அந்தக் குறைக்கு உரிய கருவியை மட்டும் வாங்கினால் போதும்.