தக்காளிக்கு ஒரு கணக்குக் கொப்பி

எஹலியகொடையில் தோட்டம் என்றால் றப்பர்த் தோட்டம், இல்லையேல் தேயிலைத் தோட்டம். வீட்டின் பின்புறம் நாலு கத்தரியும் ஒரு முருங்கையும் நிற்கும் இடத்தைத் தோட்டம் என்று சொல்ல நம்மவர் நாவு எளிதில் எழுவதில்லை. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், சந்தைக்குப் போனவர்கள் பாதிப் பையுடன் திரும்பியபோது, அந்தச் சிறு நிலத்தின் அருமை எல்லோருக்கும் தெரிய வந்தது. அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்குவதென்று அவ்வாண்டு ஜூன் மாதம் அமைச்சரவை முடிவு செய்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் அப்படியொரு வெள்ளிக்கிழமை கிட்டவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியை எடுத்தார்கள்.

கீரை வந்தது, பயற்றை வந்தது, மரவள்ளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வர மறுத்தது தக்காளி ஒன்றே.

அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே அமைந்த நம் ஊர்ப்பக்கத்தில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மழையுடன் வெப்பமும் சேர்ந்த மண்ணிலே வாடல் நோயை விளைக்கும் பக்டீரியா சுகமாகக் குடியிருக்கும். காலையில் செழித்து நின்ற செடி நண்பகலில் தலை சாய்கிறது. மாலையில் சற்றே நிமிர்ந்து நமக்கு நம்பிக்கை ஊட்டுகிறது. சில நாட்களில், இலையின் பசுமை மாறுமுன்னரே, காயும் பிஞ்சுமாகத் துவண்டு விழுகிறது. கண்ணேறு பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டவர்களை நாம் அறிவோம். அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. பிள்ளையைப் போல வளர்த்த செடியல்லவா?

கண்ணேறா, நோயா என்று அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வாடிய செடியின் அடித்தண்டை ஒரு விரல் நீளம் அறுத்து, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, அறுத்த முனை நீரில் தோயுமாறு அசையாமற் பிடிக்க வேண்டும். பக்டீரியா வாடலாயின், சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை மெல்லக் கீழிறங்கும். முதன்முறை அதைக் கண்டபோது நாம் பேச்சிழந்து நின்றோம். அருகில் இருந்த பால் வெட்டும் அண்ணன், “இதுவும் பால்தானே விடுகிறது!” என்றார். சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது.

இந்நோய்க்கு மருந்து தெளித்துப் பயனில்லை. நோயைத் தாங்கும் இனத்தை நாடுவதே வழி. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தார் உருவாக்கிய ‘திலின’ என்னும் இனம் இவ்வாடலைத் தாங்கக்கூடியது என்று கேள்வியுற்றோம். அது நாட்டுக்குப் புதியதன்று. நம் முற்றங்களுக்குப் புதியது. அயலில் உள்ள மூன்று வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்குப் பத்துத் ‘திலின’வும், சந்தையில் வாங்கிய பழத்தின் விதையில் எழுந்த பத்துக் கன்றுகளும் நடுவதென்று தீர்மானித்தோம். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாராமல் புதிய இனத்தைப் புகழ்வது நியாயமன்று.

பருவமழை ஓய்ந்து சற்றே வெயில் காணும் தை, மாசி மாதங்களில் செடி பூக்குமாறு கணக்கிட்டு, கார்த்திகையில் விதையிட்டு மார்கழியில் நட்டோம். லயத்தில் வாழும் இரு குடும்பத்தார் உரப் பைகளில் மண் நிரப்பி நட்டார்கள். நிலம் தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தம். நாளை எழும்பச் சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா என்று அவ்வீட்டு அக்கா சொன்னதில் விளையாட்டு பாதி, உண்மை பாதி. தாங்குகோலாக ஊன்றிய கிளிரிசீடியாக் கம்புகள் தக்காளியை முந்திக்கொண்டு தளிர்த்தன என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் குறித்து வைக்க எண்பது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினோம். விதைத்த நாள், நட்ட நாள், முதற் பூ, முதற் பழம், செடி வாடிய நாள், வாடிய செடி நின்ற இடம் என்று கோடிட்டோம். ஞாயிறுதோறும் கொப்பி வீடு வீடாகப் போயிற்று.

“ஏன் தங்கச்சி, செத்த செடிக்கும் கணக்கா?” என்று அக்கா கேட்டார்.

“அதற்குத்தான் முதலிற் கணக்கு வேண்டும், அக்கா” என்றோம். அப்போது அதை நாமே முழுவதும் நம்பிச் சொன்னதாக நினைவில்லை.

பல வீட்டார் கூடித் தக்காளிக்குக் கணக்கெழுதுவது நாம் கண்ட புதுமையன்று. அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியர் என்பவரும், ஆஸ்திரேலியாவில் பற்றினா நஸ்கி ஸ்மோல் என்னும் பெண்மணியும் 2005 ஆம் ஆண்டையொட்டி ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். சட்டியில் வளரத்தக்க குட்டைச் செடியில், பெரிய செடியின் சுவையுள்ள பழம் பெறுவதே நோக்கம். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வீட்டுத் தோட்டக்காரர்கள். அமெரிக்காவில் கோடை முடிந்ததும் விதை ஆஸ்திரேலியாவுக்குப் போகும். அங்கே அப்போதுதான் கோடை தொடங்கும். ஆகவே ஓராண்டில் இரு தலைமுறைகள் வளர்ந்தன. செடியின் உயரம், இலையின் தோற்றம், பழத்தின் நிறம், சுவை ஆகியவற்றை ஒவ்வொருவரும் எழுதி அனுப்ப, நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அவ்வாறு உருவாயின. ஆராய்ச்சி நிலையங்கள் செய்யும் காரியத்தைச் சமையற்கட்டுக்குப் பின்னால் நின்று செய்தார்கள் என்பதில் நமக்குப் பெருமகிழ்ச்சி.

ஆராய்ச்சி நிலையங்களும் எளிய இடத்திலிருந்து தொடங்குவதுண்டு. தமிழ்நாட்டின் பெரியகுளத்தில் தோன்றிய ‘பி.கே.எம். 1’ என்னும் தக்காளி, அன்னஞ்சி என்ற உள்ளூர் இனத்திலிருந்து எடுக்கப்பட்டதே.

நம் கொப்பிக்கு வருவோம். மாசி முடிவில் நான்கு வீட்டிலும் சேர்த்து நாற்பது ‘திலின’ச் செடிகளில் ஆறு வாடியிருந்தன. சந்தை விதையில் எழுந்த நாற்பதில் இருபத்தாறு போயின. புதிய இனம் வென்றது என்று எழுதி மூடிவிட எண்ணினோம். ஆனால் ‘வாடிய இடம்’ என்ற வரிசையைப் பார்த்த பின் மூட முடியவில்லை. இறந்தவற்றிற் பெரும்பகுதி கீழ்ப்புறத்து இரு வீடுகளிலேயே இருந்தது. மேலிருந்து வரும் காணை எந்த வழியாய் ஓடுகிறது என்று படம் வரைந்து பார்த்தோம். முன்பு நம் கத்தரிப் பாத்தி இருந்த மண்ணைக் கழுவிக்கொண்டு அது கீழ் முற்றங்களுக்குட் புகுந்தது. கத்தரியும் மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் உண்டு. கீழ் வீட்டாரின் செடியைக் கொன்ற நீர் நம் வீட்டுப் பாத்தியிலிருந்து போனது என்று அறிந்தபோது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எப்படிச் சொல்வது? அன்று மாலையே அவர்களிடம் போய்ச் சொன்னோம். அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடிக் காணையைத் திருப்பி வெட்டினோம். கத்தரிப் பாத்தியில் இப்பொழுது சோளம் நிற்கிறது. பையில் நட்ட செடிகளில் ஒன்று மட்டுமே வாடிற்று என்பதும் அந்தக் கொப்பியினாலேயே தெரிந்தது.

‘திலின’ சாகாவரம் பெற்றதன்று. ஆறு செடி போனதே சான்று. சுவையிலும் எல்லோருக்கும் ஒரே கருத்தில்லை. ரசத்துக்குப் புளி கூடச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று அக்கா முறையிடுகிறார். ஆனால் இதன் விதையை நாமே எடுத்து வைக்கலாம் என்பது சிறு குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். கலப்பின விதையாயின் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. பருவந்தோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாடாமல் நின்ற செடியின் நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து, சாற்றுடன் இரண்டு நாள் புளிக்க விட்டு, கழுவி நிழலில் உலர்த்தினோம்.

தாய்வானிலுள்ள உலகக் காய்கறி நிலையத்தார், மழைக்காலத்தில் தக்காளித் தளிரைக் கத்தரி வேரில் ஒட்டி நடும்படி கூறுகிறார்கள். அக்காவின் மகன் சவர அலகு கொண்டு ஆறு கன்றுகளை ஒட்டிப் பார்த்தான். நான்கு கருகின, இரண்டு தழைத்தன. அவற்றுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறான். நம்மைக் கூட அதில் எழுத விடுவதில்லை.