இவங்க என்ன சாப்பிடுவாங்க? ஸ்டெப்பி வீரர்களை வைத்து ஒரு கற்பனை உலகம் எழுதப்போய்

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை டேபிள்டாப் கேம் ஆடுவோம். கேம் மாஸ்டர் நான்தான். உலகம், அரசுகள், எதிரிகள் எல்லாம் என் பொறுப்பு. போன வருடம் ஒரு புது உலகம் எழுதினேன். அதன் வடக்கே முடிவில்லாத புல்வெளி, அங்கிருந்து குதிரையேறி வரும் ஒரு கூட்டம். "ஒரு லட்சம் வில்லாளிகள். வருவார்கள், எரிப்பார்கள், மறைவார்கள்" என்று வரைபடத்தின் ஓரத்தில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன்.

முதல் நாளே ஒரு நண்பன் கேட்டான்: "ஒரு லட்சம் பேரா? சரி. இவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"கொள்ளையடிச்சுதான்."

"ஊரே இல்லாத புல்வெளியில யாரைக் கொள்ளையடிப்பாங்க? சரி, அதை விடு. குதிரைங்க என்ன சாப்பிடும்?"

பதில் இல்லை. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் போகவே இல்லை. அதற்குப் பிறகு சில மாதங்கள் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு. ஸ்டெப்பி என்பது ஹங்கேரியில் இருந்து மஞ்சூரியா வரை நீளும் புல்வெளிப் பட்டை. அதில் பல நூற்றாண்டுகளாகப் பல மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். நான் இங்கே 13-ஆம் நூற்றாண்டு மங்கோலியரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாம் பார்த்துப் பழகிய குதிரைக் கூட்டம்

என் தலைமுறைக்கு மங்கோலியர் அறிமுகமானது பாடப்புத்தகத்தில் இல்லை, 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமில். மங்குடாய் என்ற குதிரை வில்லாளிகளைக் கும்பலாகச் செய்து, எதிரியைச் சுற்றிச் சுற்றி அம்பு விட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் கேம் ஆஃப் த்ரோன்ஸ் வந்தது, அதோடு தோத்ராக்கி. ஜார்ஜ் மார்ட்டின் தோத்ராக்கிகளை மங்கோலியர், ஹூணர், அமெரிக்கப் பெருஞ்சமவெளிப் பழங்குடிகள் எனப் பலரையும் கலந்து செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தோத்ராக்கிகள் ஆடு மேய்ப்பவர்களைக் கேவலமாகப் பார்ப்பார்கள். பக்கத்து நாட்டு மக்களை 'ஆட்டுக்குட்டி மனிதர்கள்' என்று ஏளனம் செய்வார்கள். நிஜம் இதற்கு நேர் எதிர். ஸ்டெப்பி வீரன் முதலில் ஆட்டுக்காரன், அதற்கப்புறம்தான் வீரன். மங்கோலியர் இன்றும் கால்நடையை ஐந்து வகையாகச் சொல்வார்கள்: குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு. பெருமை குதிரைக்கு. ஆனால் வயிற்றுக்குச் சோறு, உடம்புக்குத் துணி, தலைக்குக் கூரை எல்லாம் செம்மறியிடம் இருந்து வந்தவை. கூடாரத்தைப் போர்த்தும் தடித்த கம்பளிகூட ஆட்டு ரோமத்தை அடித்து, நனைத்து, உருட்டிச் செய்வதுதான். ஆட்டை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டம் ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

மங்கோலியக் குதிரை குள்ளமானது. தோள் உயரம் பெரும்பாலும் 120 முதல் 140 சென்டிமீட்டர். ஆனால் கொள்ளும் ஓட்ஸும் கேட்காது. பனியைக் குளம்பால் கிளறி, அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்றே பிழைத்துவிடும். ஐரோப்பியப் படைக்குதிரைக்குத் தானிய வண்டி பின்னால் வர வேண்டும். இதற்கு அது தேவையில்லை. மங்கோலியப் படையின் வேகத்துக்கு இது பெரிய காரணம்.

ஆனால் ஒரு வீரன் ஒரே குதிரையோடு போவதில்லை. மாற்றி மாற்றி ஏற இன்னும் சில குதிரைகள் கூடவே வரும். ஐந்து என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் கொண்ட பிரிவுக்குத் 'துமென்' என்று பெயர். அப்படியென்றால் ஒரு துமெனுக்கு 50,000 குதிரை. 300 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ உலர்புல் அளவுக்கு மேயும். பெருக்கிப் பாருங்கள்: தினமும் 300 டன். என் வரைபடத்து 'ஒரு லட்சம் வில்லாளிகள்' ஓரிடத்தில் நின்றால் தினமும் 3,000 டன்! மறுநாளே இடம் மாற வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்து போக வேண்டும். அவர்கள் ஓரிடத்தில் தங்காமல் நகர்ந்துகொண்டே இருந்ததற்கு ரத்தவெறி காரணம் இல்லை, குதிரையின் வயிறு காரணம்.

காலமும் முக்கியம். கோடை முழுக்க மேய்ந்து இலையுதிர்காலத்தில் குதிரை கொழுத்திருக்கும், வசந்தத்தின் தொடக்கத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும். 1237-38 ரஷ்யப் படையெடுப்பு குளிர்காலத்தில்தான் நடந்தது. உறைந்த ஆறுகள் அவர்களுக்கு நெடுஞ்சாலை. ரியாசான் நகரம் விழுந்தது டிசம்பரில். நோவ்கோரோடை நெருங்கிவிட்டுத் திரும்பியதற்கு, பனி உருகிச் சேறாகும் காலம் வந்துவிட்டதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

செங்கிஸ் கானின் எழுச்சிக்கும் புல்லுக்கும்கூடத் தொடர்பு இருக்கலாம். மங்கோலியாவின் பழைய மரங்களில் ஆண்டு வளையங்களைப் படித்த ஒரு குழு, 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மீறி ஈரமான ஆண்டுகள் தொடர்ந்து வந்ததாக 2014-இல் எழுதியது. மழை, அதனால் புல், அதனால் குதிரை, அதனால் படை. இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

இதன் மறுபக்கம் 'ஸுட்'. கடும் குளிரில் பனி இறுகி, புல் எட்டாமல் கால்நடை கூட்டம் கூட்டமாகச் சாவதற்கு மங்கோலியர் வைத்திருக்கும் பெயர். 2009-10 குளிர்காலத்தில் மட்டும் மங்கோலியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. ஸ்டெப்பி மக்களின் நிஜமான எதிரி கோட்டைக்குள் இருக்கும் ராஜா இல்லை, இதுதான்.

முகாமை நடத்தியது யார்?

1253-55இல் மங்கோலியத் தலைநகர் வரை போய்வந்த பாதிரியார் வில்லியம் ரூப்ரக், யார் என்ன வேலை செய்தார்கள் என்று பட்டியலே தருகிறார். வண்டி ஓட்டுவது, கூடாரத்தை வண்டியில் ஏற்றி இறக்குவது, பசுவைக் கறப்பது, வெண்ணெய் எடுப்பது, தோல் பதனிடுவது, தைப்பது எல்லாம் பெண்கள். வில், அம்பு, சேணம் செய்வது, குதிரையைப் பார்த்துக்கொள்வது ஆண்கள். குதிரைப் பாலைக் கறந்து, கடைந்து, புளிக்கவைப்பதும் ஆண்களே. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய இருபது முப்பது வண்டிகளை ஒரே பெண் ஓட்டிப் போவாள் என்றும் எழுதுகிறார்.

ஆண்கள் மாதக்கணக்கில் படைக்குப் போனாலும் பொருளாதாரம் நிற்காமல் ஓடியது இதனால்தான். மேலே அரசியலிலும் இதே கதை. ஓகெடாய் கான் 1241-இல் இறந்த பின் ஐந்து வருடம் பேரரசை நடத்தியது அவர் மனைவி தோரெகெனே. மோங்கே, குப்லாய், ஹுலாகு என்ற மூன்று பெரிய ஆட்சியாளர்களை வளர்த்து ஆளாக்கியது சோர்காக்தானி என்ற தாய். நம் கேம்களில் ஸ்டெப்பி முகாம் என்றால் தீ மூட்டிச் சிரிக்கும் ஆண்கள் மட்டும்தான் இருப்பார்கள். என் வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது.

கும்பலா, படையா?

1206-இல் செங்கிஸ் கான் ஆன பிறகு தெமுஜின் செய்த முக்கியமான காரியம், குலங்களைக் கலைத்துப் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று மக்களை அடுக்கியது. நேற்றுவரை ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட குலத்தார் ஒரே பத்தில் நின்றார்கள். பத்துப் பேரில் ஒருவன் ஓடினால் பத்துப் பேருக்கும் மரணம் என்று கார்ப்பினி என்ற இன்னொரு பாதிரியார் எழுதுகிறார்.

பதவிக்குப் பிறப்பு மட்டும் தகுதி இல்லை. ஒரு போரில் தெமுஜினின் குதிரையை எவனோ அம்பால் வீழ்த்தினான். பிறகு பிடிபட்டவர்களிடம் "யார் விட்ட அம்பு?" என்று கேட்டபோது, ஒருவன் எழுந்து "நான்தான்" என்றான். தெமுஜின் அவனைக் கொல்லவில்லை. 'ஜெபே' என்று பெயர் வைத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். ஜெபே என்றால் அம்பு. பின்னாளில் காஸ்பியன் கடலைச் சுற்றிக்கொண்டு ரஷ்யப் புல்வெளி வரை படை நடத்தியவன் அவன்தான். கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பயிற்சிக்கு வேட்டை. பாரசீக வரலாற்றாளர் ஜுவைனி வர்ணிக்கும் குளிர்கால வேட்டையில் படை முழுவதும் பெரிய வளையமாக நின்று, ஒன்றிரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, உள்ளே மிருகங்களை அடைக்கும். ஒரு மிருகம் நழுவினாலும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவனுக்குத் தண்டனை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோட்டில் நகர்வதற்கான ஒத்திகை இது. 'கட்டுப்பாடில்லாத காட்டுமிராண்டிக் கும்பல்' என்ற படத்துக்கு நேர் எதிர்.

எங்கே நின்றார்கள்?

1260-இல் ஹுலாகு சிரியாவில் இருந்து படையின் பெரும்பகுதியைத் திருப்பிக்கொண்டு போனார். அண்ணன் மோங்கே இறந்த செய்தி ஒரு காரணம். ஆனால் இரண்டு வருடம் கழித்துப் பிரெஞ்சு அரசருக்கு அனுப்பிய கடிதத்தில், அங்கே புல்லும் தீவனமும் தீர்ந்துவிட்டதைக் காரணமாகச் சொல்கிறார். விட்டுவிட்டுப் போன சிறு படையை அய்ன் ஜாலூத்தில் எகிப்திய மம்லூக்குகள் தோற்கடித்தார்கள். அந்த மம்லூக்குகளில் பலர், தளபதி பைபர்ஸ் உட்பட, ஸ்டெப்பியில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட கிப்சாக் துருக்கியர். ஸ்டெப்பியை வென்றது இன்னொரு ஸ்டெப்பிதான்.

புல் இல்லாத ஊரில் குதிரை என்னவாகும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சியே உண்டு. அதே நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் கடல் வழியாக வாங்குவதாகவும், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் பொன் கொடுத்தாலும் குதிரையை வாங்கத்தான் முடியும், புல்வெளியை வாங்க முடியாது என்பது புரிகிறது.

ஒரு எச்சரிக்கை, எனக்கும் சேர்த்து

இதையெல்லாம் படிக்கும்போது அவர்கள்மேல் ஒரு மயக்கம் வந்துவிடும். எனக்கு வந்தது. பிறகு 1258 பாக்தாத் பற்றிப் படித்தேன். 1221 நிஷாப்பூர் பற்றிப் படித்தேன். பணிந்த நகரத்துக்குப் பெரும்பாலும் வரியும் ஆளும், எதிர்த்த நகரத்துக்குப் படுகொலை. அதே ஒழுங்கு, அதே பத்து-நூறு-ஆயிரம் அடுக்கு, கொல்வதற்கும் பயன்பட்டது. அவர்களை மிருகமாகக் காட்டினால் இதை விளக்க முடியாது, நாயகனாக மட்டும் காட்டினால் மறைக்க வேண்டிவரும். வீட்டில் ஆட்டுக்குட்டியைக் குளிரில் இருந்து காப்பாற்றத் தெரிந்தவன்தான் இன்னொரு ஊரில் அதைச் செய்தான். கதையில் இந்த இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் கேமில் மாற்றியவை

கேம்கள் எல்லாமே தவறு என்று சொல்லமாட்டேன். 2021-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-இல் மங்கோலியர் தங்கள் கட்டடங்களையே மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் போகலாம். அந்த ஒரு விதியே ஆடுகிறவரை வேறு மாதிரி யோசிக்க வைக்கிறது. நானும் விதியில் இருந்தே தொடங்கினேன்.

ஒன்று: ஒவ்வொரு வரைபடக் கட்டத்துக்கும் புல் எண். படை தங்கினால் குறையும், மழை வந்தால் ஏறும். இரண்டு: வசந்தத்தில் குதிரைக்குப் பாதி பலம், இலையுதிர்காலத்தில் முழு பலம். மூன்று: முகாமுக்குத் தனித் தலைமை, அங்கே முடிவெடுப்பது ஒரு தாய். நான்கு: தோற்ற எதிரியை உங்கள் பத்தில் சேர்க்கலாம், ஆனால் அவன் தவறுக்கும் நீங்கள் பொறுப்பு.

போன மாதம் ஆடினோம். என் நண்பர்கள் கோட்டைக்குள், வெளியே குதிரைப்படை. காலம் குளிரின் கடைசி. கேள்வி கேட்ட அதே நண்பன் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தான். சண்டை போடவில்லை. ராத்திரியில் ஆள் அனுப்பி, கோட்டையைச் சுற்றி மிச்சமிருந்த காய்ந்த புல்லை எரித்தான். நாலாம் நாள் படை நகர்ந்தது.

நகர்ந்த வழியில் செத்துக் கிடந்த குதிரைகளையும், அவற்றின் நடுவே வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியையும் வர்ணித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவனே கேட்டான்: "இப்போ இவங்க என்ன சாப்பிடுவாங்க?"

அடுத்த ஆட்டம் அங்கே இருந்துதான் தொடங்கப்போகிறது. நாடோடிகளை வைத்து நீங்களும் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், வாளை வரைவதற்கு முன் புல்லை வரைந்து பாருங்கள்.