வரிசையைக் குறைக்கும் கணிப்பொறி

பொட்டிப்புரத்திலிருந்து பாட்டி ஒருவர் கண்புரை நீக்கத் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். அங்குள்ள மருத்துவர், செவிலியர், அறுவை மேசை ஆகிய யாவும் ‘வளங்கள்’ ஆகும். ஒரு வளம் ஒருவருக்குப் பயன்படும்போது மற்றவர் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இதை முன்கூட்டியே கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதே நிகழ்வுவழிப் பாவனை. 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் இதற்கென ஜி.பி.எஸ்.எஸ். என்னும் மொழியை உருவாக்கினார். இதிலுள்ள கடிகாரம் நொடிநொடியாக ஓடாது. நோயாளி வந்தார், மேசை கிடைத்தது, சிகிச்சை முடிந்தது என நிகழ்வுக்கு நிகழ்வு தாவும்.

ஒரு கணக்குப் பார்ப்போமா? நோயாளியை மேசையில் ஆயத்தம் செய்ய 10 நிமிடம், சிகிச்சைக்கு 10 நிமிடம் எனக் கொள்வோம். ஒரே மேசையானால் மணிக்கு 3 பேர். பாதி நேரம் மருத்துவர் சும்மா நிற்பார். இரண்டு மேசையும் அதற்கேற்ற செவிலியரும் இருந்தால் அதே மருத்துவர் 6 பேருக்குச் சிகிச்சை செய்வார். மூன்றாவது மேசை போட்டால்? அதே 6 தான்! இப்போது மருத்துவரே பற்றாக்குறை வளம்.

1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, இந்த இரட்டை மேசை முறைக்குப் பெயர் பெற்றது.

உண்மையில் நோயாளிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. சிகிச்சை நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கணிப்பொறி இதே நாளைப் பலநூறு முறை வெவ்வேறாக நடத்திப் பார்க்கும். எந்த வளம் குறைவு என்று அறிந்து செலவிட்டால், நம் பாட்டிமார் சில நாள் முன்னதாகவே பேரப்பிள்ளைகளின் முகம் காண்பர் அன்றோ!