கடலில் கரைத்த பெருங்காயம்

ஐயோ, அந்த ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள்!

ரத்தம் என்றாலே ஐஸ் பெட்டியைத் தேடிக் கை போகும். இந்த ட்யூப் வேறு ரகம். ரத்தத்தின் வெள்ளையணுக்கள் உடைந்துவிடாதபடி பிடித்துவைக்கும் ஒரு மருந்து உள்ளேயே இருக்கிறது. அறை வெப்பத்தில் 14 நாள் வரை தாங்கும். சாதாரண ஈ.டி.டி.ஏ. ட்யூபில் எடுத்திருந்தால், சில மணி நேரத்துக்குள் லேபுக்கு ஓடியாக வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்து மூன்று வாரம் ஆன ஒரு பெண்ணின் ரத்தம் என்று வைத்துக்கொள்வோம். முடி கொட்டத் தொடங்கியிருக்கும். விரல் நுனிகள் மரத்துப்போகிற கட்டம் வந்துகொண்டிருக்கும். இவ்வளவு பாட்டுக்கும் கட்டி கரைகிறதா, இல்லை மருந்தைச் சட்டையே பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறதா? தொட்டுப் பார்க்கிற டாக்டரால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ட்யூபுக்குத் தெரிந்திருக்கலாம்! ரத்தத்தைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகு, மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. வாருங்கள், நீங்களும் எட்டிப் பாருங்கள்.

முதல் சுற்று. ட்யூப் சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் கிறுகிறுவென்று சுற்றி வெளியே வருகிறது. அடியில் அடர்சிவப்பு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவே, காய்ச்சிய பாலில் படிகிற ஆடைபோல ஒரு வெள்ளைக் கீற்று. அதுதான் வெள்ளையணுக்கள். ஒரு டெக்னீஷியனின் கைப்பக்குவம் தெரிவது இந்த இடத்தில்தான். பிளாஸ்மாவைப் பிப்பெட்டால் உறிஞ்சிக்கொண்டே இறங்கி, ஆடைக்குச் சற்று மேலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரை மில்லி கிடைக்குமே என்று ஆசைப்பட்டு ஆடையைக் கலைத்தால், வெள்ளையணுக்களின் டி.என்.ஏ. கூட்டமாக வந்து கலந்துவிடும். தேடி வந்த பொருள் அதில் மூழ்கிப்போகும். எடுத்த பிளாஸ்மாவை இன்னும் வேகமான இரண்டாவது சுற்றுக்கு விடுகிறார்கள். அது சுற்றட்டும்; அதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தேடி வந்த பொருள் என்ன? உடம்பில் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக ரத்தத்தில் மிதக்கும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் மாந்தெல், மெத்தே என்ற இருவர் 1948-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். கட்டியின் செல்களும் அப்படித்தான் துண்டுகளை உதிர்க்கின்றன. பெரும்பாலான துண்டுகள் ஏறக்குறைய 166 எழுத்து நீளம் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். அதனால் இன்று எடுத்த ரத்தம் இன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும், போன மாதக் கதையை அல்ல. லேப் ரிப்போர்ட்டில் பலரும் பார்த்துப் பழகிய சி.ஏ. 15-3 என்ற மார்பகப் புற்றுநோய்க் குறியீடு அப்படியல்ல. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில், மருந்து நன்றாக வேலை செய்யும்போதே அது பொய்யாக ஏறிக் காட்டிப் பயமுறுத்துவதுண்டு. நமக்குப் பதில் தேவைப்படுகிற வாரங்களும் அவையே!

ஆனால் இந்தத் துண்டுகள் கடலில் கரைத்த பெருங்காயம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு மில்லி பிளாஸ்மாவில் 20 நானோகிராம் டி.என்.ஏ. கிடைத்தால், ஒவ்வொரு மரபணுவுக்கும் ஏறக்குறைய 6,000 பிரதிகள் கையில் இருக்கும். கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று என்றால்? ஒரே ஒரு மரபணுப் பிழையை மட்டும் தேடினால், பெரும்பாலும் வெறுங்கைதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே எடுபடாது.

இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள், அதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கீமோவுக்கு முன்பு எடுத்த பயாப்ஸித் துணுக்கிலிருந்து கட்டியின் மரபணுக்களைப் படிக்கிறார்கள். அதே பெண்ணின் வெள்ளையணுக்களையும் படித்து, பிறவியிலேயே இருப்பதையும் வயதானால் ரத்த அணுக்களில் தானே வருகிற பிழைகளையும் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சுவது கட்டிக்கே உரிய பிழைகள். அவற்றில் 16-ஐப் பொறுக்கி, அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு சோதனையைத் தயாரிக்கிறார்கள். தையல்காரர் அளவெடுத்துத் தைக்கிற ரவிக்கை மாதிரி, அடுத்தவருக்குச் சேராது! இப்போது 6,000 வாய்ப்பு அல்ல, 96,000 வாய்ப்பு. பதினாறில் குறைந்தது இரண்டு அகப்பட்டால்தான் ‘இருக்கிறது’ என்று எழுதுவார்கள்.

இந்தச் சோதனையைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் லாரா எசர்மன் தலைமையில் 2010-இல் தொடங்கிய ஐ-ஸ்பை 2 ஆய்வில் போட்டுப் பார்த்தார்கள். 84 பெண்கள். அறுவைக்கு முன்பே கீமோ. நாலு கட்டங்களில் ரத்தம். 2021-இல் மார்க் மக்பானுவாவும் குழுவினரும் வெளியிட்ட எண்களைப் பாருங்கள். தொடக்கத்தில் 73 சதவீதத்தினரின் ரத்தத்தில் கட்டியின் துண்டுகள். மூன்றாம் வாரம் 35. பன்னிரண்டாம் வாரம் 14. அறுவைக்கு முன் 9. கட்டி கரைவதை ஊசி முனையிலேயே பார்ப்பது மாதிரி!

மூன்றாம் வாரத்திலும் துண்டுகள் மறையாமல் இருந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு, அறுவையின்போது கட்டி மிச்சம் இருந்தது. இங்கே குதிக்கத் தோன்றும். நானும் குதித்தேன். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்: துண்டுகள் மறைந்துபோனவர்களிலும் 52 சதவீதத்தினருக்குக் கட்டி மிச்சம் இருந்தது. ஆக, ரத்தம் மறைக்கவும் செய்கிறது. இன்னொரு வரி அதைவிடச் சுவாரஸ்யம். கட்டி மிச்சம் இருந்தும் கீமோ முடிவில் ரத்தம் சுத்தமாக இருந்தவர்கள், கட்டி முழுதும் கரைந்தவர்களுக்குச் சமமாக நன்றாக இருந்தார்கள். மிச்சத்திலும் நல்ல மிச்சம், கெட்ட மிச்சம் உண்டுபோல.

சரி, மருந்து கேட்கவில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டால் மருந்தை மாற்றிவிடலாம், இல்லையா? அமெரிக்காவின் ஸ்வாக் எஸ்0500 ஆய்வு அதைத்தான் கேட்டது. நோய் பரவிய பெண்களிடம் அவர்கள் தேடியது துண்டுகளை அல்ல, ரத்தத்தில் மிதக்கும் முழுப் புற்றுச் செல்களை. 1869-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் இறந்துபோன ஒருவரின் ரத்தத்தில் முதலில் பார்த்த அதே செல்கள். ஏழரை மில்லி ரத்தத்தில் 3,000 கோடிக்கு மேல் சிவப்பணுக்கள் நீந்தும். அதற்குள் ஆன்டிபாடி பூசிய இரும்புத் துகள்களை விட்டு, காந்தத்தால் புற்றுச் செல்களை இழுத்து எண்ணுகிறார்கள். அபாயக் கோடு எவ்வளவு தெரியுமா? ஐந்து. வெறும் ஐந்து செல்!

முதல் கீமோவுக்கு 21 நாள் கழித்தும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இறங்காத 123 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு அதே மருந்து, பாதிப் பேருக்கு உடனே வேறு கீமோ. 2014-இல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. அளவுகோல் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கை இறங்காதவர்களுக்கு ஆயுள் குறைவு என்று அது சரியாகவே காட்டியது. மாற்றிப் போட்ட மருந்தும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். என் கட்சி என்னவென்றால், இந்தத் தோல்வியை மறைத்துவிட்டு ரத்தச் சோதனையை மட்டும் கொண்டாடுகிறவர்களை நம்பக்கூடாது. முன்கூட்டித் தெரிந்துகொள்வதற்கு ஒரு மாற்று மருந்து கைவசம் இருந்தால்தான் மதிப்பு.

ஐ-ஸ்பையின் அடுத்த அவதாரமான 2.2 அங்கேதான் நிற்கிறது. ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்தது, அதுவும் இல்லை என்றால் அதற்கடுத்தது, கேட்டுவிட்டால் மிச்சக் கீமோவைத் தவிர்த்துச் சீக்கிரம் அறுவை. தீர்ப்புச் சொல்வது இப்போதைக்கு எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும். ரத்தம் இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அட, இரண்டாவது சுற்று நின்றுவிட்டது! மூடியைத் திறக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அடியில் கடுகளவு வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, பிப்பெட் அதன்மேல் பட்டுவிடக் கூடாது.